எங்கள் கோயிலை நாங்களே திருத்த யாரைக் கேட்க வேண்டும்?

வாசகர் கடிதம், சுருக்கமாக: தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே கரும்புத் தோட்டப் பகுதியில் ஒரு மாரியம்மன் கோயில். தோட்டத் தொழிலாளர்கள் 1930-களில் காசு சேர்த்துக் கட்டியது. செங்கல் சுவர், நெளி தகரக் கூரை, முன்னால் மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம், செதுக்கு வேலை செய்த இரட்டைக் கதவு. அடுத்த தை மாதம் கும்பாபிஷேகம் என்று நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. தாழ்வாரத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் மண்டபம், உள்சுவருக்கு டைல்ஸ், தகரத்துக்குப் பதில் கான்கிரீட் ஓடு, தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியை வரவழைத்து மூன்று நிலைக் கோபுரம் என்பது கமிட்டியின் திட்டம். ஒப்பந்தக்காரர் இரண்டே நாளில் தாழ்வாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டார். ஊரில் யாரோ புகார் செய்ய, வேலையை நிறுத்தும்படி க்வாசூலு-நட்டால் மாகாணத்தின் மரபுவள நிறுவனமான அமாஃபாவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. "நம் கோயில் எந்த நினைவுச் சின்னப் பட்டியலிலும் இல்லை, நகராட்சி இரண்டு வருஷத்துக்கு முன்பே வரைபடத்தைப் பாஸ் செய்துவிட்டது, இது நம் சொத்து, நம் மதம், உள்வேலையை யாரும் கேட்க முடியாது" என்கிறார் தலைவர் மாமா. ஒப்பந்தத்தில் செயலாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டவர் இந்தச் சகோதரி. "நாங்கள் செய்தது குற்றமா? என்னைச் சிறையில் போடுவார்களா? கும்பாபிஷேகம் நின்றுவிடுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கும்பாபிஷேகம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் எல்லா வேலையும் தை மாதத்துக்குள் முடியும் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். எதை இப்போது செய்யலாம், எதைப் பிறகு செய்யலாம் என்று கமிட்டி பிரித்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல் அவிழ்ந்துவிடும்.

சிறையைப் பற்றி. முன் அனுமதி இல்லாமல் பழைய கட்டடத்தை இடிப்பதும் மாற்றுவதும் குற்றம். அபராதம், சிறை இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டம், 34-ஆம் பிரிவில், "எந்த நபரும்" என்றுதான் சொல்கிறது. ஆகவே பொறுப்பு உங்கள் தலையில் மட்டும் விழுவதில்லை. தீர்மானம் போட்ட கமிட்டி, கடப்பாரையைத் தூக்கிய ஒப்பந்தக்காரர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. அதே சமயம், முதல் கடிதம் வந்ததும் வேலையை நிறுத்தி, எழுத்தில் பதில் சொல்லி, பிரித்த மரத்தைப் பத்திரப்படுத்திய கமிட்டியையும், கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை இரவு மிச்சத்தையும் இடித்த கமிட்டியையும் யாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. நீங்கள் இன்னும் முதல் வகையில்தான் இருக்கிறீர்கள்.

சிறையை விட நடைமுறையில் பயப்பட வேண்டியது வேறொன்று. கட்டடத்தைச் சேதப்படுத்தியதாக உரிமையாளர் தண்டிக்கப்பட்டால், சேதத்தைச் சரிசெய்வதையும் பராமரிப்பையும் தவிர அந்த இடத்தில் வேறு எந்த வேலையும் கூடாது என்று 10 ஆண்டு வரை தடை போட அதே சட்டத்தின் 51-ஆம் பிரிவு அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்யும் கோயிலுக்கு அது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. அபராதத்தை நன்கொடை திரட்டிக் கட்டிவிடலாம், இந்தத் தடையை அப்படிச் சமாளிக்க முடியாது. தலைவர் மாமாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

"பட்டியலில் இல்லை" என்ற வாதம்

நம்மவர்களிடம் அதிகம் கேட்கும் தவறான நம்பிக்கை இதுதான். 1969-ஆம் ஆண்டின் பழைய தேசிய நினைவுச் சின்னச் சட்டத்தில் அரசிதழில் அறிவித்த கட்டடத்துக்குத்தான் பாதுகாப்பு. டர்பன் கேட்டோ மேனரில் பெலேர் சாலையிலிருக்கும் அம்பலவாணர் ஆலயம், நாம் இரண்டாம் ஆற்றுக் கோயில் என்று சொல்வோமே, அது 1980-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்து நினைப்பு இன்னும் ஊரில் ஓடுகிறது.

இப்போது பாதுகாப்பு இரண்டு அடுக்கு. தனியாக அறிவிக்கப்பட்ட இடங்கள் மேல் அடுக்கு. அங்கே விதிகளும் தண்டனையும் கடுமை. கீழ் அடுக்குக்கு அறிவிப்பே தேவையில்லை. 60 ஆண்டைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும், அதன் எந்தப் பகுதியையும், முன் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. க்வாசூலு-நட்டாலில் இதே விதியை 2018-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் மாகாணச் சட்டம் சொல்கிறது. அனுமதி தரும் அதிகாரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அமாஃபா நிறுவனத்துக்கு.

60 ஆண்டு என்பது நிலையான தேதி இல்லை, ஒவ்வொரு வருஷமும் நகர்ந்துகொண்டே வரும் எல்லை. இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டத்தால் பெயர்க்கப்பட்டவர்களுக்காக டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் 1960-களின் தொடக்கத்தில் எழும்பிய வீடுகளும், அவற்றோடு வந்த சிறு கோயில்களும்கூட இப்போது இந்த எல்லைக்குள் வந்துவிட்டன. "நேற்றுக் கட்டியதுதானே" என்று நினைப்பவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் கோயில் 1930-களைச் சேர்ந்தது; அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

நகராட்சி பாஸ் செய்த வரைபடம்

இங்கே இரண்டு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

நகராட்சி தருவது 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டட ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டட வரைபடத்துக்கான ஒப்புதல். மரபு அனுமதி தருவது வேறு அலுவலகம், வேறு சட்டம். ஒன்று இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது. இரண்டும் கையில் வேண்டும்.

அடுத்தது கமிட்டியில் யாருமே கவனிக்காதது. அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, ஒப்புதல் கிடைத்த 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், காலத்தை நீட்டித்து வாங்கியிருந்தாலொழிய, ஒப்புதல் காலாவதியாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் பாஸ் ஆனது, போன மாதம்தான் கடப்பாரை விழுந்தது என்றால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் வெறும் காகிதம். முத்திரைத் தேதியைப் பாருங்கள்; நீட்டிப்புக் கடிதம் ஏதும் கோப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இன்றைய நிலையில் உங்களுக்கு மரபு அனுமதியும் இல்லை, நகராட்சி ஒப்புதலும் இல்லை.

வரைபட ஒப்புதல் இல்லாமல் கட்டியதை நீதிமன்றங்கள் இரக்கத்தோடு பார்க்கும் என்றும் நம்ப வேண்டாம். கிழக்குக் கேப்பில் கென்டன்-ஆன்-சீ என்ற கடற்கரை ஊரில் அப்படிக் கட்டிய ஒரு வீட்டை முழுவதுமாக இடிக்கும் உத்தரவை 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. வீடு பெரியது, செலவு அதிகம் என்ற வாதங்கள் அங்கே எடுபடவில்லை.

நம் சொத்து, நம் மதம்

அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு சொத்துரிமை தருகிறது. 15, 31-ஆம் பிரிவுகள் மதத்தையும் பண்பாட்டையும் காக்கின்றன. தலைவர் மாமா சொல்வதில் அந்த அளவு உண்மை. ஆனால் சொத்துரிமை என்ற கேடயம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. கேப் டவுனில் 60 ஆண்டு தாண்டிய ஓர் அடுக்குமாடியை இடிக்க அனுமதி கொடுத்தபோது, அங்கே அடுத்து எழும்பும் கட்டடத்தைப் பற்றி அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். இது என் சொத்தைக் காரணமில்லாமல் பறிப்பது என்று உரிமையாளர் ப்ளூம்ஃபொன்டீனிலுள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். 2016-இல் தோற்றார். இடிக்க அனுமதி தரும்போதே புதிதாக வருவது எப்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம் என்பது இப்போது நிலைபெற்ற சட்டம். உங்கள் மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

மத உரிமையை வேறு விதமாகப் பயன்படுத்தச் சொல்வேன். ஓர் இடத்தின் மதிப்பை எடைபோடும்போது, ஒரு சமூகத்துக்கு அதனோடு உள்ள சமூக, பண்பாட்டு, ஆன்மிகப் பிணைப்பையும் பார்க்கச் சொல்கிறது தேசியச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதும், தீமிதிக்கு வரும் கூட்டமும், 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்யும் வழக்கமும் அந்தப் பிணைப்பின் சான்றுகள். "பூசை நடக்கும் கோயில் இது, அருங்காட்சியகமில்லை, திருப்பணி என்பதே இந்த மரபின் ஒரு பகுதி" என்பதை விண்ணப்பத்தில் விளக்கமாக எழுதுங்கள். அதிகாரி கேட்க வேண்டிய வாதம் அது. "எங்களை யாரும் கேட்க முடியாது" என்ற வாதம் விண்ணப்பத்தை மூட வைக்கும்.

உள்வேலை பற்றி ஒரு சொல். கட்டடம் என்பதில் அதோடு பொருத்திய கதவு, சாதனம், உபகரணம் எல்லாம் அடக்கம். மாற்றுவது என்பதில் பூச்சும் வண்ணமும்கூட அடக்கம் என்று தேசியச் சட்டத்தின் விளக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது. உள்ளே, வெளியே என்ற பிரிவே அங்கே இல்லை. பழைய நிறத்தில் மறுபடி வண்ணம் பூசவும் முழு விண்ணப்பம் வேண்டுமா என்று கேட்பீர்கள். இன்ன சுவர், இன்ன பொருள், இன்ன நிறம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, படத்தோடு அமாஃபாவுக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைத்த "சரி" பின்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வேலைகளை இப்படிப் பிரிக்கலாம்

தை மாதத்துக்குள் நடக்கக் கூடியவை: கூரைத் தகரத்தை அதே நெளிவு, அதே கனத்தில் மாற்றுவது; மரச்சட்டங்களில் இற்றுப்போனதை மட்டும் அதே அளவில் மாற்றுவது; சுவர் ஒட்டுவேலை, வெள்ளையடிப்பு; விமானத்திலுள்ள சுதைச் சிற்பங்களைச் சரிசெய்வது; பிரித்த தாழ்வாரத்தைத் திரும்ப நிறுத்துவது. இவை பழையதைப் பழையபடி வைக்கும் வேலைகள் என்பதால் எதிர்ப்புக் குறைவாக இருக்கும். இவற்றுக்கும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும், அதை மறக்கக் கூடாது.

நேரம் எடுப்பவை மண்டபமும் கோபுரமும். இவற்றைத் தனி விண்ணப்பமாக வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் போட்டால், கோபுரத்தில் எழும் ஒரு கேள்விக்காக கூரைத் தகரமும் சேர்ந்து காத்திருக்கும். வளாகம் 5,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்து, மண்டபம், வண்டி நிறுத்துமிடம் என்று இடத்தின் தோற்றமே மாறுமானால், மரபுத் தாக்க மதிப்பீடு கேட்கவும் வாய்ப்புண்டு. பத்திரத்தில் பரப்பளவைப் பாருங்கள்.

டைல்ஸையும் கான்கிரீட் ஓட்டையும் பொறுத்தவரை என் யோசனை வேறு: கைவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, கட்டடத்துக்காகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்துச் சுவரில் மிருதுவான செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அடியில் ஈரத்தடுப்பு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறித்தான் சுவர் பிழைத்து வந்திருக்கிறது. 1.2 மீட்டர் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் ஈரம் அந்த வழியை இழந்து இன்னும் மேலே ஏறும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு வருஷத்தில் டைல்ஸுக்குச் சற்று மேலே வண்ணம் கொப்புளிக்கும். தொட்டால் வெள்ளை உப்புத் தூள் கையில் ஒட்டும். பிறகு செங்கல்லின் முகமே ஏடு ஏடாக உதிரும். சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கெடுதலைச் சற்று மெதுவாகச் செய்யும். ஏற்கெனவே சிமெண்ட் பூசிய இடம் இருந்தால் சுத்தியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அது சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது, அதை எடுத்துவிடலாம். கெட்டியாகப் பிடித்திருந்தால் நோண்டாதீர்கள், செங்கல்லும் சேர்ந்து வரும். புதுப் பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. முதலில் ஒரு சதுர மீட்டரில் மட்டும் பூசி, சில வாரம் காய விட்டுப் பாருங்கள். வெள்ளையடிப்பதற்கு முன் சுவரை நனைத்து, மெல்லிதாக நான்கைந்து கை அடிக்க வேண்டும். கனமாக ஒரே கை அடித்தால் அப்பளமாகப் பெயர்ந்துவிடும்.

கூரைக்கு வருவோம். நெளி தகரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ. கான்கிரீட் ஓடு 50 கிலோ அளவில் வரும். பத்து மடங்கு பாரத்தை அந்தப் பழைய மரச்சட்டங்களும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்றே தெரியாத சுவர்களும் தாங்க வேண்டும். மூன்று நிலைக் கோபுரம் பழைய சுவரின்மேல் உட்காருவதானால் கேள்வி இன்னும் பெரிது. பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஸ்தபதிக்கு முன்பணம் அனுப்பக் கூடாது. கோபுரத்தைப் பழைய கட்டடத்தைத் தொடாமல், முன்வாசலில் தனி அஸ்திவாரத்தில் எழுப்புவது ஒரு வழி. ராஜகோபுரத்துக்கு நுழைவாயில்தானே இடம். ஆகமமும் அதற்கு ஒத்துவரும், அனுமதியும் எளிதாகும். நல்ல ஸ்தபதி இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

பின்னால் போட்ட சமையல் கொட்டகையில் சாம்பல் நிறச் சிமெண்ட் தகடுகள் இருந்தால் யாரையும் அதைக் கழற்ற விடாதீர்கள். பழைய தகடுகளில் கல்நார் இருக்கும். 2020-இல் வந்த விதிகளின்படி பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் அகற்ற வேண்டும். தொண்டர்களை ஏணியில் ஏற்றும் வேலையில்லை அது.

விண்ணப்பத்தில் என்ன வைக்க வேண்டும்

முதலில் நிலம் யார் பேரில் என்று பாருங்கள். தோட்டப் பகுதிக் கோயில்களில் பாதிப் பிரச்சினை இங்கேதான். மூன்று தலைமுறையாகப் பூசை நடக்கும், பத்திரமோ இன்னும் சர்க்கரைக் கம்பெனியின் பேரில் இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேடினால் தெரிந்துவிடும். விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். டிரஸ்ட் பேரில் இருந்தால், இப்போதைய டிரஸ்டிகளுக்கு உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் என்ற அதிகாரி கொடுத்த அதிகாரக் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். காலமான பெரியவர்களின் பேரே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதை முதலில் சரிசெய்யுங்கள். செல்லாத கையெழுத்தில் போன விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

கட்டிய காலத்துக்குச் சான்று வேண்டும். அடிக்கல்லில் தேதி இருந்தால் நெருக்கத்தில் படம் எடுங்கள். நகராட்சியின் பழைய வரைபடக் கோப்பைக் கேளுங்கள். தட்டிக் கழித்தால் 2000-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் தகவல் அணுகல் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பழைய வான்படங்கள் கேப் டவுன் மோப்ரேயிலுள்ள தேசிய நிலப்பட அலுவலகத்தில் கிடைக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் கல்யாணப் படங்களைக் கேட்டுப் பாருங்கள். கோயில் வாசலில் நின்று எடுத்த ஒரு படம் போதும், தாழ்வாரத் தூணின் வடிவமும் கைப்பிடியின் கட்டமும் அதில் தெரிந்துவிடும். இடித்துவிட்ட உங்கள் நிலையில் அந்தப் படம் மிக முக்கியம், ஏனென்றால் தாழ்வாரத்தைத் திரும்ப நிறுத்த அளவு அதிலிருந்துதான் கிடைக்கும்.

வரைபடத்தைப் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர்தான் போட வேண்டும். பழைய கட்டட வேலை தெரிந்தவராகப் பாருங்கள். வண்ண முறையில் தவறு வந்தால் அதிலேயே நாள் போகும்: புதுச் செங்கல் வேலை சிவப்பு, புது கான்கிரீட் பச்சை, இரும்பு நீலம், மரம் மஞ்சள், இருப்பது சாம்பல் நிறம், இடிக்க வேண்டியது கறுப்புப் புள்ளிக் கோடு. நீங்கள் ஏற்கெனவே பிரித்த தாழ்வாரத்தையும் இருந்தபடியே வரைந்து, அனுமதியின்றி அகற்றப்பட்டது என்று எழுதுங்கள். மறைத்தால் புகார் கொடுத்தவரிடம் இருக்கும் படம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு பக்கமும், உள்ளேயும், சுற்றுப்புறமும் படங்கள். மாற்றம் ஏன் வேண்டும், வேறு வழிகளை யோசித்தீர்களா என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். அக்கம்பக்கத்தார், பக்தர்கள், உள்ளூர் மரபு அமைப்பு ஆகியோரின் கருத்தும் கேட்கப்படும். கேட்பதற்கு முன்பே ஒரு கூட்டம் போட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முழுமையான விண்ணப்பம் போனபின் இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நகராட்சிக்கு, 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடம் என்றால் 30 நாள், மேற்பட்டால் 60 நாள். ஏழு மாதத்தில் இதைக் கழித்தால் கோபுரத்துக்கு மிச்சம் என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

மறுத்துவிட்டால்? எழுத்தில் காரணம் கேட்க 90 நாள் உண்டு. மாகாண அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான கெடுவை மறுப்புக் கடிதம் கையில் வந்த அன்றே குறித்துக்கொள்ளுங்கள். அதையும் தாண்டினால், நிர்வாக நீதிச் சட்டப்படி காலதாமதமின்றி, அதிகபட்சம் 180 நாளுக்குள், நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். ஆனால் மேல்முறையீட்டைத் தாண்டிக் குதித்து நேராக நீதிமன்றம் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: அனுமதி மறுத்த மூன்று மாதத்துக்குள் அந்த இடத்தைத் தனியாகப் பாதுகாக்க வேண்டுமா என்று ஆராயும்படி தேசிய மரபுவளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவே சொல்கிறது. பெரிதாகக் கேட்டு மறுப்பு வாங்கினால், கீழ் அடுக்கில் இருந்த கோயில் மேல் அடுக்குக்குப் போகலாம். அதில் கெட்டது ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். உங்கள் கமிட்டி அப்படி நினைக்காமல் இருக்கலாம்.

பணமும் பாலாலயமும்

ஒப்பந்தக்காரரிடமும் ஸ்தபதியிடமும் ஒரு திருத்தம் எழுதி வாங்குங்கள்: மரபு அனுமதியும் நகராட்சி ஒப்புதலும் எழுத்தில் கிடைத்த பின்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும், இன்ன தேதிக்குள் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில், வேலை நின்ற ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் கூலி கேட்டால் உங்களால் மறுப்பது கஷ்டம். "அனுமதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒப்பந்தக்காரர் வாயால் சொல்லியிருந்தால், அதை ஒரு மின்னஞ்சலில் அவரிடமே உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். அனுமதியில்லாத மாற்றம் என்று தெரிந்தால், புயலில் கூரை பறந்த அன்று இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே போதும்.

பாலாலயம் செய்தாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் அனுமதி கையில் வரும்வரை செய்யாதீர்கள். அம்மனைச் சிறு கொட்டகைக்கு மாற்றிவிட்டால், "அம்மன் வெளியில் இருக்கிறாள், சீக்கிரம் முடியுங்கள்" என்ற நெருக்கடி வரும். அந்த அவசரத்தில்தான் கமிட்டிகள் அனுமதி இல்லாமல் கடப்பாரையை எடுக்கின்றன. செய்தாகிவிட்டது என்றால் குருக்களிடம் பேசி, பழுதுபார்ப்பு வேலைகளோடு தை மாதக் கும்பாபிஷேகத்தை முடித்துக்கொண்டு, வாசல் கோபுரம் எழும்பிய பின் அதற்குத் தனியாகக் கும்பாபிஷேகம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

இந்த வாரத்து வேலை

பிரித்த தூண்கள், கைப்பிடி, கதவு எங்கே கிடக்கின்றன? ஒப்பந்தக்காரர் முற்றத்தில் என்றால் நாளைக்கே கொண்டுவாருங்கள். பழைய தேக்குக்கு நல்ல விலை உண்டு; காணாமல் போக நாளாகாது. ஒவ்வொரு துண்டிலும் எங்கிருந்து வந்தது என்று சீட்டு கட்டி, தரையில் கட்டைகள் வைத்து, அவற்றின்மேல் காற்றுப் படும்படி அடுக்குங்கள். பிளாஸ்டிக்கில் சுற்றினால் புழுங்கி இற்றுவிடும். பழைய வண்ணத்தை உலர்ந்தபடி தேய்க்க விடாதீர்கள், அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தாழ்வாரம் போனதால் திறந்துகிடக்கும் சுவர்முனைக்கும் கூரை விளிம்புக்கும் தார்ப்பாய் கட்டுங்கள். இது பாதுகாப்பு வேலைதான், ஆனாலும் படம் எடுத்து அமாஃபாவுக்குத் தெரிவியுங்கள்.

யார் புகார் கொடுத்தது என்று தேடும் வேலை வேண்டாம். கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பேச்சு எழுந்தால் நிறுத்துங்கள். நாளை பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது அதே நபர் எதிர்ப்பு எழுதுவாரா, ஆதரவு எழுதுவாரா என்பது இப்போது நீங்கள் நடந்துகொள்வதைப் பொறுத்தது.

அமாஃபாவுக்குப் பதில் கடிதம் இந்த வாரமே போகட்டும். கடிதம் கிடைத்தது, வேலை இன்ன தேதியில் நிறுத்தப்பட்டது, பிரித்த பொருள்கள் இன்ன இடத்தில் பத்திரமாக இருக்கின்றன, கட்டடக் கலைஞரை அமர்த்துகிறோம், தாழ்வாரத்தைத் திரும்ப நிறுத்த விரும்புகிறோம், இடத்தைப் பார்வையிட வாருங்கள் என்ற ஆறு செய்தி போதும். சட்டம் தெரியாது, வேண்டுமென்று செய்யவில்லை என்ற விளக்கமெல்லாம் இதில் வேண்டாம். ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் அதை எழுதினால், குற்ற வழக்கு வந்தால் உங்கள் வாக்குமூலமாகவே வாசிப்பார்கள். கமிட்டித் தீர்மானம் போட்டு, அதன் எண்ணைக் கடிதத்தில் குறித்து, தலைவரும் பொருளாளரும் உங்களோடு சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தில்தான் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். இதில் தனியாகப் போடாதீர்கள்.